கூரைப் பீலியும் நுளம்பும் மண்சரிவும்: கண்டி வீடுகளில் மழைக்கு முன் செய்ய வேண்டியவை

கண்டிப் பக்கத்தில் பீலி என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. தோட்டத்து ஆட்களிடம் கேட்டால், மலையிலிருந்து வரும் ஊற்றுத் தண்ணீரை மூங்கிலிலோ தகரத்திலோ வழிவிட்டு, குளிக்கவும் குடம் பிடிக்கவும் விழச் செய்திருக்கும் இடத்தைக் காட்டுவார்கள். நகரத்தில் கேட்டால், கூரை ஓரத்தில் மழைத் தண்ணீரை ஏந்தி இறக்கும் வாய்க்காலைக் காட்டுவார்கள். தண்ணீர் தன் இஷ்டத்துக்குப் போகாமல் நமது இஷ்டத்துக்குப் போக வேண்டும் என்பதுதான் இரண்டுக்கும் நோக்கம். இந்தக் கட்டுரை இரண்டாவது பீலியைப் பற்றியது.

எனது பெற்றோர் கலஹாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர்கள். 1977 வன்செயலுக்குப் பின்னர் வன்னிக்குப் போனார்கள். நான் அங்கே பிறந்து, போர் முடிந்த பின்னர் வேலைக்காகக் கண்டிக்கு வந்து, ஹந்தானைச் சரிவில் வாடகைக்கு இருக்கிறேன். கிடுகு, தறப்பாள், தகரம், ஓடு என்று பலவகைக் கூரைகளின் கீழ் இருந்த எங்களைப் போன்றவர்களுக்கு, ஒழுகாத கூரை கிடைத்ததே பெரிய காரியமாகத் தெரியும். கூரை ஓரத்தில் என்ன தேங்கிக் கிடக்கிறது என்று ஏறிப் பார்க்கும் பழக்கம் பலரிடம் இல்லை. ஆனால் கண்டியில் அந்த ஓரத்தில்தான் இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன. ஒன்று டெங்கு. மற்றது வீட்டுக்குக் கீழும் பின்னாலும் இருக்கும் மண்.

ஒரு கூரையில் எவ்வளவு தண்ணீர் விழுகிறது?

கணக்கு எளிது. ஒரு சதுர மீற்றர் பரப்பில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் அது 1 லீற்றர் தண்ணீர். போருக்குப் பிந்திய வீடமைப்புத் திட்டங்களிலும் தோட்ட வீடமைப்பிலும் பரவலாகக் கட்டப்பட்ட 550 சதுர அடி வீட்டை எடுத்துக்கொள்வோம். அது ஏறத்தாழ 51 சதுர மீற்றர். ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் அந்தக் கூரையில் குறைந்தது 5,100 லீற்றர் விழும். 1,000 லீற்றர் தண்ணீர்த் தாங்கிகள் ஐந்தை நிரப்பிக் கூரை ஓரத்தில் கவிழ்ப்பதற்கு இது சமம். கூரை சுவருக்கு வெளியே நீண்டிருப்பதால் உண்மையான அளவு இன்னும் கூடும்.

கண்டி நகரில் ஆண்டுக்குச் சராசரியாக 1,800 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. ஒக்டோபரிலும் நவம்பரிலும் மழை அதிகம். ஏப்ரல் மாதத்துப் பின்னேர இடிமழையும் பலமானது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மெல்லிய மழை நாட்கணக்கில் விழும். ஆகவே இங்கே பீலி முழுதாகக் காய்ந்து கிடக்கும் காலம் குறைவு. அதற்குள் விழும் இலை காயாமல் அழுகிச் சேறாகிறது.

இலைக்கும் பஞ்சமில்லை. உடவத்தைக் காட்டை ஒட்டிய வீடுகளில் காட்டு இலையும், குரங்குகள் போட்டுவிட்டுப் போகும் பழக்கொட்டையும் பீலிக்குள் கிடக்கும். ஹந்தானையில் பைனஸ் ஊசி இலை. இது மிக மோசமானது. ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு குழாய் வாயில் பாய் போல் படுத்துவிடும். மற்ற இடங்களில் பலா, மா, மூங்கில் இலைகள். இவற்றோடு ஓட்டிலிருந்து உதிரும் பாசியும் புறாவின் எச்சமும் சேரும்.

முதல் ஆபத்து: நுளம்பு

டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. ஓரளவு தெளிந்து அசையாமல் நிற்கும் சிறிதளவு தண்ணீரே அதற்குப் போதும். இலை அடைத்த பீலியில் இரண்டு விரல் ஆழத்துக்கு நிற்கும் தண்ணீர் அதற்கு மிக வாய்ப்பான இடம். நிழல் உண்டு, அழுகும் இலையில் புழுவுக்கு உணவு உண்டு, யாரும் எட்டிப் பார்ப்பதும் இல்லை. பூச்சாடித் தட்டையும் தேங்காய்ச் சிரட்டையையும் கவிழ்த்துவிட்டு முற்றம் சுத்தம் என்று இருந்துவிடுகிறோம். தலைக்கு மேலே இருப்பது கண்ணில் படுவதில்லை.

ஈடிஸ் நுளம்பு தண்ணீருக்குச் சற்று மேலே, ஈரமான விளிம்பில் முட்டையை ஒட்டிவிடுகிறது. தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அடுத்த மழை தொட்டதும் பொரிக்கும். முட்டை பொரித்து நுளம்பாகப் பறக்க ஏழு முதல் பத்து நாட்கள் போதும். ஆகவே தண்ணீரை வடியவிட்டால் மட்டும் போதாது, பீலியின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வாரம் ஒருமுறை பார்க்கச் சொல்வதும் இந்தக் கணக்கில்தான்.

2017 ஆம் ஆண்டில் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாகினர். 400 இற்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். நாட்டில் டெங்கு கூடுதலாகப் பதிவாகும் மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்கும் சட்டம், வளவில் நுளம்பு பெருகாமல் பார்த்துக்கொள்ளும் கடமையை உரிமையாளர் மீதும் குடியிருப்பவர் மீதும் வைக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும்போது "இது வாடகை வீடு" என்று சொல்லித் தப்ப முடியாது.

இரண்டாவது ஆபத்து: மண்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது, நாடு முழுவதும் 600 இற்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். மாவட்டங்களில் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டது கண்டி. இங்கு மட்டும் 200 இற்கும் மேற்பட்டோர் இறந்தனர், பெரும்பாலும் மண்சரிவினால். அதற்கு முன்னர், 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணில் புதைந்ததை நாங்கள் மறக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது.

ஒரு மலை இறங்குவதைக் கூரைப் பீலி தடுக்காது. அத்தகைய மழைக்கு முன் வீட்டை விட்டு வெளியேறுவது ஒன்றே வழி. ஆனால் கண்டியில் ஆண்டுதோறும் பெரிய செய்தியாகாமல் நடக்கும் சரிவுகள் வேறு. வீட்டின் பின்னால் வெட்டிய மண்மேடு குசினிச் சுவரில் விழும். முன்பக்கத் தாங்கு சுவர் வயிறு தள்ளிப் பிளக்கும். முற்றத்து விளிம்பு இரவோடிரவாக அடுத்த வீட்டின் மேல் இறங்கும். இவற்றில் வீட்டுக்காரரின் தண்ணீருக்கும் பங்குண்டு. மண்ணுக்குள் தண்ணீர் இறங்க இறங்க அதன் பாரம் கூடுகிறது, பிடிப்புக் குறைகிறது. அடைத்த பீலி ஒரே இடத்தில் நிரம்பி வழியும்போது, முழுக் கூரையின் தண்ணீரும் அந்த ஒரு இடத்து மண்ணுக்குள் போகிறது. மலைச் சரிவில் வீடு கட்டுவோருக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் அடிப்படை ஆலோசனைகளில் ஒன்று, கூரைத் தண்ணீரைச் சரிவில் விடாமல், கட்டிய கானுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பது.

கழற்றுவதா, வைத்திருப்பதா?

இங்கேதான் கண்டி வீட்டுக்காரர் இரண்டு பக்கமும் இழுபடுகிறார். நுளம்புக்குப் பயந்தால் பீலியைக் கழற்றி எறியத் தோன்றும். மண்ணுக்குப் பயந்தால் பீலி வேண்டும். எனது கருத்து இது.

தட்டையான காணியில், கூரை சுவருக்கு வெளியே இரண்டரை அடிக்குக் குறையாமல் நீண்டிருந்து, கீழே சீமெந்துத் தளமும் கானும் இருந்தால், பீலி இல்லாமலே சமாளிக்கலாம். எட்டாத உயரத்தில், துப்பரவு செய்ய ஆளில்லாத பீலி இருப்பதைவிட அது இல்லாமல் இருப்பது நல்லது.

வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மேடோ முன்னால் தாங்கு சுவரோ இருந்தால் பீலியைக் கழற்றக் கூடாது. சரிவை நோக்கிய பக்கத்துக்காவது பீலியும் இறங்கு குழாயும் வேண்டும். அதை மாதந்தோறும் பார்க்கவும் வேண்டும். மழைத் தண்ணீரைத் தாங்கியில் சேர்ப்பவர்களுக்கும் இதே விதி.

எப்போது செய்வது?

ஆண்டுக்கு மூன்று பெரிய துப்பரவு போதும். மார்ச் மாதக் கடைசியில் ஒன்று, ஏப்ரல் இடிமழைக்கு முன். மே மாதத்தில் ஒன்று, பருவமழை பிடிக்கும் முன். செப்டெம்பர் கடைசியில் ஒன்று, இதுதான் மிக முக்கியமானது. இவற்றுக்கு இடையில், மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை கீழே நின்று பார்க்க வேண்டும். மழை பெய்யும்போது குடையோடு வீட்டைச் சுற்றி ஒரு நடை போனால் போதும். பீலி விளிம்பில் தண்ணீர் வழிகிறதா? குழாயின் அடியில் வேகமாக வருகிறதா, சொட்டுகிறதா? வலன்ஸ் பலகையில் கறுப்புக் கறை இருக்கிறதா? பீலிக்குள் புல்லோ ஆலங்கன்றோ முளைத்துத் தெரிகிறதா? இதில் ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் அடுத்த வெயில் காலையில் வேலை இருக்கிறது.

வேலையைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும். கண்டியில் இடிமழைக் காலத்துப் பின்னேரங்களில் ஏணி மேல் நிற்கக் கூடாது.

ஏறுவதற்கு முன்

பீலி துப்பரவில் உயிர் போவது சேற்றால் அல்ல, விழுவதாலும் மின்சாரத்தாலும்தான். ஆகவே இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம்.

மின் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் வயர் பெரும்பாலும் கூரை ஓரத்தில்தான் வந்து சேர்கிறது. அந்த இடத்துக்குப் பக்கத்தில் அலுமினிய ஏணியை நிறுத்தக் கூடாது. ஈர மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தும். வயர் தோல் உரிந்து தெரிந்தால் வேலையை நிறுத்திவிட்டு மின்சார சபைக்கு அறிவியுங்கள்.

ஏணி நாலு அடி உயர்ந்தால் அடிப்பக்கம் ஒரு அடி வெளியே இருக்க வேண்டும். அதாவது 12 அடி உயரத்தில் சாய்த்தால் அடி 3 அடி தள்ளி நிற்கும். ஏணியைப் பீலியின் மேல் சாய்க்க வேண்டாம். பிவிசிப் பீலி நெளியும், பழைய தகரப் பீலி ஏணியோடு கழன்று வரும். சுவரிலோ உறுதியான கைமரத்திலோ சாய்த்துக் கயிற்றால் கட்டுங்கள். சரிவான முற்றத்தில் ஏணியின் ஒரு காலுக்குக் கல் வைத்துச் சமப்படுத்துவது இங்கே வழக்கம். அது கூடாது. மண்ணை வெட்டிச் சமனாக்கி, கீழே பலகை போடுங்கள். ஒருவர் அடியில் பிடிக்காமல் ஏற வேண்டாம்.

அஸ்பெஸ்டஸ் சீற் மேல் ஒருபோதும் காலை வைக்காதீர்கள். பழைய சீற் ஆளின் பாரத்துக்கு எச்சரிக்கையில்லாமல் உடையும். அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு. காய்ந்த நிலையில் கம்பித் தூரிகையால் உரசக் கூடாது. முதலில் தண்ணீர் தெளித்து நனைத்து, கையால் மெதுவாக அள்ள வேண்டும். அஸ்பெஸ்டஸ் இறக்குமதியை 2018 ஜனவரியிலிருந்து தடுக்க அரசாங்கம் முடிவெடுத்திருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியில் வண்டு இருந்ததாகக் கூறி, அஸ்பெஸ்டஸ் விற்கும் நாடான ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. அதன் பின்னர் அந்தத் தடை தள்ளிவைக்கப்பட்டது. கொழுந்து பறிப்பவரின் தலைக்கு மேலும் அந்த சீற்றே இன்றும் இருக்கிறது.

குளவிக்கூடு இருக்கிறதா என்று கீழே நின்று ஐந்து நிமிடம் பாருங்கள். ஓட்டுக்கும் பீலிக்கும் இடையில் குளவி போய்வந்தால் அன்று ஏறாதீர்கள். இலைக்குள் தேள், மட்டத்தேள், சில வேளை பாம்பும் கிடக்கும். வெறுங்கையை விடாமல் தடித்த இறப்பர்க் கையுறை போடுங்கள். எலிச் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சலுக்கும் அது காப்பு. கையில் காலில் காயம் இருப்பவர் இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

பீலியைத் துப்பரவு செய்யும் முறை

தேவையானவை: ஏணி, கையுறை, வாளியும் அதைத் தொங்கவிடக் கயிறும், மேசன் கரண்டி அல்லது பீலியின் வடிவத்துக்கு வெட்டிய பிளாஸ்ரிக் கலன் துண்டு, பாத்திரம் தேய்க்கும் தும்பு, தண்ணீர்க் குழாய் அல்லது இரண்டு வாளி தண்ணீர். இரும்பு மண்வெட்டித் துண்டால் சுரண்டினால் தகரப் பீலியின் துத்தநாகப் பூச்சு போய்விடும். அடுத்த ஆண்டு அந்த இடத்தில் ஓட்டை விழும்.

1. இறங்கு குழாயின் மேல்வாயைப் பழந்துணியால் அடையுங்கள். இல்லாவிட்டால் சுரண்டும் சேறு முழுவதும் குழாய்க்குள் போய்விடும்.

2. குழாய் இருக்கும் முனையிலிருந்து தொடங்கி எதிர்முனைக்குப் போங்கள். கையால் இலையை அள்ளி, பின்னர் சேற்றைச் சுரண்டி வாளியில் போடுங்கள். கீழே எறிய வேண்டாம். அது கானுக்குள் போய் அங்கே அடைக்கும். எட்டிப் பிடிக்க உடலை வளைக்காதீர்கள். இறங்கி ஏணியை நகர்த்துங்கள்.

3. உட்சுவரைத் தும்பால் தேயுங்கள். முட்டை ஒட்டியிருப்பது அங்கேதான். சவர்க்காரத் தண்ணீர் போதும். மண்ணெண்ணெயோ பழைய எஞ்சின் எண்ணெயோ ஊற்ற வேண்டாம். அது கிணற்றுக்கும் தோட்டத்துக்கும் போய்ச் சேரும்.

4. துணியை எடுத்துவிட்டு எதிர்முனையில் ஒரு வாளி தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். தண்ணீர் குழாயை நோக்கித் தானாக ஓட வேண்டும். பத்து நிமிடத்துக்குப் பிறகு பாருங்கள். எங்காவது குளம் போல் நின்றால் அந்த இடத்தில் பீலி தொய்ந்திருக்கிறது.

5. தொய்வைச் சரிசெய்ய, அந்த இடத்துப் பீலித் தாங்கியை உயர்த்தி அடிக்க வேண்டும். 10 அடிக்கு அரை அங்குலச் சாய்வு போதும். தாங்கிகளுக்கு இடையில் இரண்டடிக்கு மேல் இடைவெளி வேண்டாம். வலன்ஸ் பலகை உக்கியிருந்தால் முதலில் பலகையை மாற்றுங்கள். உக்கிய பலகையில் அடித்த ஆணி ஒரு மழைக்குத்தான்.

6. பிவிசி இணைப்பில் கசிவு இருந்தால் காய்ந்த பிறகு பிவிசி பசை போடுங்கள். தகரத்தில் சிறு ஓட்டைக்குத் துருவைத் தேய்த்து எடுத்துவிட்டுத் தார்ப்பசை பூசலாம்.

அள்ளிய சேறு நல்ல உரம். மரத்தடியில் மெல்லியதாகப் பரப்பி வெயிலில் காயவிடுங்கள். அஸ்பெஸ்டஸ் கூரையிலிருந்து வந்த சேற்றை மட்டும் மரக்கறிப் பாத்தியில் போட வேண்டாம்.

சிலர் பீலி முழுவதும் வலை போடுகிறார்கள். வலை இலையைத் தடுக்கும், நுளம்பைத் தடுக்காது. வலை மேல் பைனஸ் ஊசி படிந்தால் தண்ணீர் வெளியே வழியும். வலை போட்டுவிட்டு மறந்துவிடுவதைவிட, குழாய் வாயில் மட்டும் கம்பியைப் பந்தாகச் சுருட்டி வைத்து, அதை வாரந்தோறும் பார்ப்பது மேல்.

இறங்கு குழாய் அடைத்தால்

பீலி சுத்தமாக இருந்தும் தண்ணீர் நிற்கிறது என்றால் அடைப்பு குழாயில். எங்கே என்று கண்டுபிடிக்க, குழாயைக் கீழிருந்து மேலாக விரலால் தட்டிக்கொண்டு போங்கள். வெறுங்குழாய் கணீரென்று கேட்கும். அடைத்த இடம் மந்தமாகக் கேட்கும். பெரும்பாலும் அடைப்பு மேலே சுவரை நோக்கி வளையும் இடத்தில், அல்லது அடியில் கானுக்குத் திரும்பும் முழங்கையில் இருக்கும்.

முதலில் அடி முழங்கையைக் கழற்றுங்கள். கண்டியில் எஸ்லோன் குழாய்களைக் கூரைத் தண்ணீருக்குப் போடும்போது பல பாஸ்மார் அடி முழங்கையைப் பசை போடாமல் செருகியே விடுவார்கள். அது நல்ல வழக்கம். கழற்றும்போது தேங்கிய தண்ணீர் ஒரேயடியாக வரும், விலகி நில்லுங்கள். பிறகு தண்ணீர்க் குழாயைக் கீழிருந்து மேலாக விட்டு அடியுங்கள். மேலிருந்து அழுத்தினால் அடைப்பு இறுகும். கீழிருந்து அடித்தால் தளரும். அசையாவிட்டால், பச்சை மூங்கிலை மெல்லிய சிம்பாகச் சீவி, நுனியில் துணி சுற்றி உள்ளே விட்டுச் சுழற்றி இழுங்கள். இரும்புக் கம்பியால் குத்தினால் குழாயின் இணைப்பு உடையும், அது சுவருக்குள் ஓடும் குழாயாக இருந்தால் பிறகு சுவரை உடைக்க வேண்டிவரும். அமிலமோ சோடாவோ ஊற்ற வேண்டாம். இலைச் சேற்றை அவை கரைக்காது, உங்கள் கண்ணைத்தான் கெடுக்கும்.

புதிதாகப் போடுவதானால் 3 அங்குலத்துக்குக் குறைந்த குழாய் வேண்டாம். குழாயின் அடி எங்கே முடிகிறது என்பதுதான் கடைசிக் கேள்வி. தாங்கு சுவரின் தலையில், வெட்டிய மேட்டின் அடியில், அடுத்த வீட்டு வளவில் முடியக் கூடாது. சீமெந்துக் கானில் சேர்த்து, கான் பொதுக் கானைச் சேரும் வரை போய்ப் பாருங்கள். தாங்கு சுவரில் விட்டிருக்கும் சிறு தண்ணீர்த் துவாரங்களையும் அன்றே குத்தித் திறந்துவிடுங்கள். சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர்தான் அந்தச் சுவரைத் தள்ளுகிறது.

ஏணியில் ஏற முடியாதவர்களுக்கு

இதை வாசிப்பவர்களில் பலர் கணவரையோ மகனையோ போரில் இழந்து வீட்டைத் தனியே நடத்துபவர்கள். கால் இழந்தவர்கள், உடம்பில் இன்னும் சன்னத்தோடு இருப்பவர்கள், தோள் உயராதவர்கள் இருக்கிறார்கள். "ஏணி வைத்து ஏறுங்கள்" என்று எழுதிவிட்டுப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒரு மாடி வீட்டின் பீலியைக் கீழே நின்றும் ஓரளவு துப்பரவு செய்யலாம். ஒரு அங்குல பிவிசிக் குழாய் 8 அடி எடுத்து, நுனியில் இரண்டு முழங்கைகளைக் கொக்கி போல மாட்டுங்கள். மறுமுனையைத் தண்ணீர்க் குழாயில் இணைத்து, கொக்கியைப் பீலிக்குள் விட்டு நடந்தால், தண்ணீர் இலையைக் குழாயை நோக்கித் தள்ளும். அதற்கு முன் அடி முழங்கையைக் கழற்றி வைத்திருங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க, தடியின் நுனியில் கைத்தொலைபேசியைக் கட்டிப் படம் எடுக்கலாம். பழைய முகக் கண்ணாடித் துண்டும் போதும்.

மூன்று நான்கு வீடுகள் சேர்ந்து ஒரே நாளில் ஒருவரைக் கூலிக்கு அழைத்தால் செலவு குறையும், ஏணியைப் பிடிக்கவும் ஆள் இருக்கும். வேலை முடிந்ததும் கூலி கொடுக்கும் முன் ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொல்லிப் பாருங்கள். அடியில் வேகமாக வந்தால்தான் வேலை முடிந்தது.

வாடகை வீடும் லயமும்

வாடகை வீட்டில் வழக்கமான துப்பரவைக் குடியிருப்பவரும், உடைந்த பீலி, உக்கிய பலகை, தாங்கு சுவர் போன்றவற்றை உரிமையாளரும் பார்ப்பது நியாயம். இதை வீடு எடுக்கும்போதே எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். பழுதை நாள் தெரியும்படி படம் எடுத்து அனுப்பி வையுங்கள். தமிழர் என்பதால் வீடு கிடைப்பதே கடினமாக இருந்த காலத்தைக் கண்டவர்கள் பழுதைச் சொல்லத் தயங்குவார்கள். பீலி உடைந்திருப்பதைச் சொல்வது சண்டை அல்ல. அது அவருடைய சுவரையும் காப்பாற்றும்.

லயங்களில் பீலி பெரும்பாலும் இல்லை. நீண்ட ஒரே கூரையின் தண்ணீர் இஸ்தோப்புக்கு முன்னால் கானில் விழுகிறது. அங்கே கான்தான் பீலி. பத்துக் காம்பராவுக்கும் பொதுவான கான் ஒரு வீட்டுக்கு முன்னால் அடைத்தால் பத்து வீட்டுக்கும் தண்ணீர் ஏறும். லயத்துக்கு மேலே சரிவில் இருக்கும் கான் அடைத்திருந்தால் அது தோட்ட நிர்வாகத்தின் வேலை. தொழிற்சங்கத் தலைவர் வழியாகவும் கிராம உத்தியோகத்தர் வழியாகவும் எழுத்தில் கேளுங்கள், பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் வாசிப்பவர்களுக்கு

அங்கே மண்சரிவு இல்லை. ஆனால் பீலி வேறு காரணத்துக்கு முக்கியம். மழைநீர்த் தாங்கி வைத்திருக்கும் வீடுகளில் பீலித் தண்ணீரைத்தான் குடிக்கிறீர்கள். புரட்டாசி முடிவதற்குள் பீலியைக் கழுவி, முதல் மழையின் தண்ணீரைத் தாங்கிக்குள் விடாமல் வெளியே விடுங்கள். தாங்கியின் வாயை நுளம்பு புகாத மெல்லிய வலையால் மூடுங்கள். மலேரியா ஒழிந்த நாடாக இலங்கை அறிவிக்கப்பட்ட அதே 2016 இல்தான், கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் பெருகும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற புதிய மலேரியா நுளம்பு மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. தொட்டியை மூடிவைப்பது இரண்டு நோய்க்கும் காப்பு.

பீலியை விட்டுவிட்டு வெளியேற வேண்டிய நேரம்

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று படிகளாக விடுக்கிறது. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டித் தொடர்ந்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும். 150 ஐத் தாண்டினால், அல்லது ஒரு மணித்தியாலத்தில் 75 ஐத் தாண்டினால், வெளியேற வேண்டும். நேரான பக்கமுள்ள ஒரு தகரப் பேணியைத் திறந்த வெளியில் வைத்து, அடிமட்டத்தால் ஆழத்தை அளந்தால் உங்கள் முற்றத்து மழை எத்தனை மில்லிமீற்றர் என்று நீங்களே அறியலாம்.

மழை அளவு எதுவானாலும், நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரமும் மின்கம்பமும், திடீரென்று கலங்கிய ஊற்று, திறக்க மறுக்கும் கதவு ஆகியவற்றில் எதைக் கண்டாலும் உடனே வெளியேறுங்கள். அந்த நேரத்தில் அடைப்பு எடுக்க ஏணி வைக்க வேண்டாம். அடையாள அட்டை, காணிப் பத்திரம், மருந்து, பிள்ளைகளின் சான்றிதழ் இருக்கும் பையை எடுத்துக்கொண்டு போங்கள். இடம்பெயர்ந்து பழகிய நமக்கு அந்தப் பையைக் கட்டச் சொல்லித் தர வேண்டியதில்லை. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, அம்புலன்ஸ் 1990.

இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் என்றால் இரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். பரசிற்றமோலைத் தவிர வேறு வலி மாத்திரை போட வேண்டாம். வீட்டில் ஒருவருக்கு டெங்கு என்று தெரிந்தால், அன்றே அயல் வீட்டுப் பீலிகளையும் பார்க்கச் சொல்லுங்கள். ஈடிஸ் நுளம்பு அதிக தூரம் பறப்பதில்லை. கடித்தது பெரும்பாலும் அந்த ஒழுங்கையில் பிறந்த நுளம்பாகவே இருக்கும்.